சூடான பானத்துக்கு ஒரு சிறு பம்பி: எந்த விரைவு இணைப்பியைத் தெரிவது?

வெளிநாடுகளில் வீட்டில் பியர் காய்ச்சுவோருக்கென்று தயாரிக்கப்படும் சிறிய காந்த இயக்கப் பம்பிகளை இப்போது திருகோணமலையில் இருந்துகொண்டே இணையவழியாக வரவழைக்க முடிகிறது. அனுமதிப்பத்திரம் இன்றி மதுபானம் தயாரிப்பதை 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுப்பதால், அவை எந்த வேலைக்காக உருவாயினவோ அந்த வேலைக்கு இங்கே அவற்றைப் பயன்படுத்த இடமில்லை. ஆயினும் இஞ்சிப் பானம், நன்னாரிச் சர்பத், தேசிக்காய்ப் பாணி என்று மதுசாரம் இல்லாத பானங்களை இருபது முப்பது லீற்றர் அளவில் காய்ச்சி வடித்துப் போத்தலில் அடைப்போருக்கு, கொதிக்கும் திரவத்தைச் சட்டியால் அள்ளி ஊற்றும் ஆபத்தைத் தவிர்க்க இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. பம்பியைத் தெரிவதில் அவ்வளவு குழப்பம் வருவதில்லை. அதையும் குழாய்களையும் இணைக்கின்ற, கருவிகள் எதுவுமின்றிக் கையாலேயே பூட்டிக் கழற்றக்கூடிய இணைப்பிகளைத் தெரிவதில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. வெளிநாட்டுப் பியர் காய்ச்சுவோர் சொல்லும் ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் அந்தத் தடுமாற்றம் தவறான கொள்வனவில் போய் முடியும்.

விரைவு இணைப்பி எதற்கு, குழாயை நேரே மாட்டிக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஒரே பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஒரு தடவை மாற்றுவது மட்டுமே வேலை என்றால் அது போதும். ஆனால் காய்ச்சும் நாளொன்றில் குழாய் பல இடங்களுக்கு மாறுகிறது. முதலில் நசித்த இஞ்சியின் மீது சூடான திரவத்தைச் சுற்றவிட வேண்டும். பின்னர் அதைக் குளிர்விக்கும் சுருளுக்குள் செலுத்த வேண்டும். அதன்பின் போத்தலடைக்கும் கலத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசியில் கழுவுநீரை அதே வழியாக ஓட்ட வேண்டும். கூரைமேல் தாங்கியிலிருந்து நண்பகலில் இறங்கிவரும் நீரின் சூட்டை அறிந்த திருகோணமலைக்காரருக்கு, குழாய்நீரால் மட்டும் ஒரு கொதிபானத்தை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுவர முடியாது என்பதை விளக்கத் தேவையில்லை. ஆகவே முதலில் குழாய்நீர், பிறகு ஐஸ் இட்ட நீர் என்று இரண்டு கட்டமாகக் குளிர்விக்க வேண்டியிருப்பதால், இணைப்பு மாற்றங்கள் இன்னும் கூடுகின்றன. ஒவ்வொரு தடவையும் திருகாணியால் கிளிப்பைத் தளர்த்தி, சூடான சிலிக்கோன் குழாயை இழுத்தெடுப்பது கையைச் சுடுவதோடு குழாயின் வாயையும் கிழித்துவிடும்.

தெரிவை முதலில் தீர்மானிக்க வேண்டியது விலையோ அழகோ அல்ல, பம்பியின் உட்புகு வாயே என்பது என் கருத்து. இத்தகைய பம்பிகள் மையவிலக்கு வகையைச் சேர்ந்தவை. அவை வெற்றுக் குழாயிலிருந்து நீரை உறிஞ்சி மேலே எடுப்பதில்லை. பாத்திரத்துக்குக் கீழே வைக்கப்பட்டு, திரவம் தன் பாரத்தால் இறங்கிவந்து பம்பியின் தலையை நிரப்பிய பின்னரே வேலைசெய்கின்றன. திரவம் குளிராக இருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை, ஏனெனில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ பத்து மீற்றர் நீர்நிரலுக்குச் சமமான பலத்தோடு பின்னால் நின்று தள்ளுகிறது. சூடு ஏற ஏற நீரின் ஆவியமுக்கம், அதாவது ஆவியாக மாற முனையும் நீர் எதிர்த்துத் தரும் அமுக்கம், அந்தப் பலத்தைத் தின்றுவிடுகிறது. 80 பாகை செல்சியஸில் மிஞ்சுவது ஏறத்தாழ ஐந்தரை மீற்றர். 90 பாகையில் மூன்றேகால் மீற்றர். கொதிநிலையில் அது முற்றாக இல்லாமற் போய், பாத்திரத்தின் திரவ மட்டத்துக்கும் பம்பிக்கும் இடையிலுள்ள உயரம் மட்டுமே எஞ்சுகிறது. மேசை மேல் அடுப்பும் நிலத்தில் பம்பியும் என்றால் அந்த உயரம் அறுபது சென்ரிமீற்றரோ எழுபது சென்ரிமீற்றரோதான் இருக்கும்.

இப்போது இணைப்பியின் துவாரத்தைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 10 லீற்றர் ஓடும்போது 12 மில்லிமீற்றர் துவாரத்தில் திரவத்தின் வேகம் செக்கனுக்கு ஒன்றரை மீற்றர் அளவாகும். அந்த வேகத்துக்காகச் செலவாகும் அமுக்கம் ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் நீர்நிரல். அதே ஓட்டம் 9.5 மில்லிமீற்றர் துவாரத்தினூடாகச் சென்றால் 28 சென்ரிமீற்றர் செலவாகும். உள்ளே வால்வும் சுருள்வில்லும் இருந்து வழி 6 மில்லிமீற்றராக ஒடுங்கிவிட்டால், அந்த ஒடுக்கத்தில் அமுக்கம் 1.8 மீற்றர் நீர்நிரல் அளவுக்கு வீழ்ந்துவிடும். விட்டம் பாதியாகும்போது வேகம் நான்கு மடங்காகி, அமுக்கச் செலவு பதினாறு மடங்காவதே காரணம். கையிலிருப்பது அறுபது சென்ரிமீற்றர் உயரம்; கேட்கப்படுவது 1.8 மீற்றர். அந்த இடத்தில் திரவம் ஆவியாகிக் குமிழிகளாகப் பொங்கும், பம்பி கரகரத்துக்கொண்டு வெறுமனே சுழலும். பழுது பம்பியில் என்று நினைத்துப் பம்பியைக் கழற்றிப் பார்ப்போர் உண்டு. குற்றவாளி பெரும்பாலும் அதன் வாயில் பூட்டிய இணைப்பியே. ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளியேறு பக்கத்தில் வால்வு வைத்துக் குறைக்கலாம், உட்புகு பக்கத்தில் எதையும் ஒடுக்கலாகாது.

இதனால் முதல் வடிகட்டல் எளிதாகிறது. வீட்டுத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்களில் உள்ள, கிளிக் என்ற ஒலியோடு பூட்டும் பிளாஸ்ரிக் இணைப்பியைக் கார்டெனா நிறுவனம் 1968இல் அறிமுகப்படுத்தியது. அதன் சாயலில் வந்த மலிவான பிரதிகள் பிரதான வீதி ஹாட்வெயார் கடைகள் எதிலும் கிடைக்கும். குளிர்விக்கும் சுருளுக்குக் குழாய்நீரைக் கொண்டுவரும் பக்கத்துக்கு, அதாவது பானத்தைத் தொடாத குளிர்நீர்ப் பாதைக்கு, அவை முற்றிலும் போதுமானவை. அங்கே விலைகூடிய எதையும் பூட்டுவது வீண் செலவு. சூடான பானத்துக்கு அவை உரியவையல்ல. அவ்வாறே, குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரங்களில் நாம் காணும், குழாயை உள்ளே தள்ளியதும் பிடித்துக்கொள்ளும் வெள்ளை இணைப்பிகள் குளிர்நீருக்கென்று அமைந்தவை. அவற்றின் வழியும் ஒடுக்கம். காபனீரொட்சைட்டு வாயுவின் அமுக்கத்தில் பானத்தை வைக்கும் கலங்களின் தலையில் பூட்டும் பந்துப் பூட்டுத் தலைகளும், போத்தலடைக்கும் இறுதிக் கட்டத்தில் குளிர்ந்த பானத்துக்கு அருமையானவை என்றாலும், பம்பியின் உட்புகு வாய்க்கு வரக்கூடாதவை.

எஞ்சுபவை நான்கு: கோளங்களும் உறையும் கொண்டு பூட்டும் உலோக இணைப்பி, பொலிசல்போன் பிளாஸ்ரிக் இணைப்பி, நெம்புகோல்கள் கொண்ட கேம்லொக், வளையக் கவ்வியால் பிடிக்கும் டிரை கிளாம்ப். இவற்றை ஒப்பிடுமுன் ஒரு புரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எதை வாங்கினாலும் அதன் மறுமுனை பம்பியிலோ வால்விலோ திருகிப் பொருந்த வேண்டும்.

இலங்கையில் குழாய்ப் பொருள்கள் பி.எஸ்.பி. எனப்படும் பிரித்தானியப் புரியில் வருகின்றன. பியர் காய்ச்சும் கருவிகளிற் பல அமெரிக்க என்.பி.டி. புரியில் வருகின்றன. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 புரிகள் என்பதால், ஒன்றை மற்றதில் வைத்துத் திருகினால் இரண்டு மூன்று சுற்றுக்கு நன்றாகவே ஏறி, பொருந்திவிட்டது போன்ற மயக்கத்தைத் தரும். ஆனால் பிரித்தானியப் புரியின் கோணம் 55 பாகை, அமெரிக்கப் புரியின் கோணம் 60 பாகை. ஆகவே அது எங்கோ இறுகி நின்று, எத்தனை சுற்று வெள்ளை டேப் சுற்றினாலும் கசியும். பம்பியின் தலை பிளாஸ்ரிக்கால் ஆனதாக இருந்தால், கசிவை நிறுத்துவதற்காக இன்னும் கொஞ்சம் இறுக்கும்போது தலையே வெடித்துவிடும். உட்புகு பக்கத்துப் புரியில் உள்ள கசிவு வெளியே சொட்டாமலே காற்றை உள்ளே இழுக்கக்கூடும் என்பதால், நிலம் நனையவில்லை என்பதை வைத்து அங்கே கசிவில்லை என்று முடிவுசெய்ய முடியாது. வாங்கப்போகும் பம்பியின் புரி எது என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற பின்னரே இணைப்பிகளுக்குக் கட்டளையிட வேண்டும். அதே வேளையில், அமெரிக்காவில் எழுதப்பட்ட பம்பியின் ஓட்ட அளவுகள் 60 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்துக்கு உரியவை என்பதையும் நினைவிற் கொள்ளலாம். நமது 50 ஹேர்ட்ஸில் அதே வகை மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுழலுமாதலால், பம்பி ஏற்றக்கூடிய உயரம் ஏறத்தாழ 69 சதவீதமாகக் குறைந்துவிடும்.

கோள உறை இணைப்பி பலருக்கும் பழக்கமானது. காற்றமுக்கிக் குழாயின் முனையில் உறையைப் பின்னால் இழுத்து நுனியைச் செருகும் அதே ஏற்பாடுதான். பித்தளையில் எளிதாகக் கிடைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் கிடைக்கும். பியர் காய்ச்சுவோரிடையே பித்தளைக்கு நல்ல பெயர் உண்டு, அதில் தவறும் இல்லை, ஏனெனில் அவர்கள் கொதிக்க வைக்கும், முளைவிட்ட வாற்கோதுமையிலிருந்து எடுத்த மால்ற் திரவத்தின் பி.எச். பெறுமானம் ஐந்துக்குச் சற்று மேலே நிற்கிறது. நம்முடைய இஞ்சிப் பானத்தில் தேசிக்காய்ச் சாறு சேர்கிறது. தேசிக்காய்ச் சாற்றின் பி.எச். இரண்டை அண்டியது, அது கலந்த பானம் மூன்றின் பக்கத்தில் நிற்கும். பி.எச். அளவீடு ஒவ்வொரு படி இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதால், மால்ற் திரவத்தைவிட நம் பானம் நூறு மடங்கு அமிலத்தன்மை கொண்டது எனலாம். எளிதில் கடைவதற்காகச் செய்யப்படும் சாதாரணப் பித்தளையில் 3 சதவீதம் அளவுக்கு ஈயம் கலந்திருக்கும். சூடான அமிலம் அந்த ஈயத்தையும் நாகத்தையும் செம்பையும் கரைத்தெடுக்கும். அமெரிக்காவில் 2014 ஜனவரி முதல் குடிநீர்ப் பொருத்திகளில் நீர் தொடும் பகுதியின் ஈயத்தை 0.25 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டார்கள். எரிவாயுவுக்கோ காற்றுக்கோ என்று விற்கப்படும் பித்தளை இணைப்பிகளை அந்தக் கட்டுப்பாடு தொடுவதில்லை. ஆகவே பானம் செல்லும் பாதையில் பித்தளையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொதிநீர் மட்டும் ஓடும் பாதையென்றாலும், கடைசியில் அதே குழாயில் பானத்தை ஓட்டும் எண்ணம் எவருக்கும் வரும்.

ஸ்டீலில் வரும் கோள உறை இணைப்பிக்கு ஈயப் பிரச்சினை இல்லை. உள்ளே அடைப்பு வால்வு இல்லாத, நேர்வழி கொண்ட வகையை வாங்கினால் ஓட்டமும் தடைப்படாது. ஆனால் அதன் பூட்டு வேலைசெய்வதே சிறு கோளங்களும் ஒரு சுருள்வில்லும் உறைக்குள் ஒளிந்திருப்பதால்தான். கழற்றும்போது சிந்தும் சீனிப் பாணி அந்த இடுக்குக்குள் இறங்கி உலர்ந்துவிட்டால், அடுத்த தடவை உறை நகராது. சுடுநீரில் ஊறவைத்தே விடுவிக்க வேண்டியிருக்கும். எறும்புக்கும் அது நல்ல வீடு. அடைப்பு வால்வு உள்ள வகையோ இஞ்சிக்கு நேர்விரோதி. இஞ்சி நாரை எவ்வளவு துணியில் வடித்தாலும் மெல்லிய இழைகள் தப்பிவரும். அவை வால்வின் வில்லில் சுற்றிக்கொண்டு வழியை அடைப்பதோடு, கழற்றும்போது வால்வு முழுதாக மூடவும் விடாது. கழற்றினாலும் சொட்டாது என்பதற்காகவே கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய இணைப்பி, அந்த ஒரு காரியத்தையும் செய்யாமற் போகும்.

பொலிசல்போன் இணைப்பி இந்தக் கூட்டத்தில் அதிகம் பேசப்படாதது, ஆனால் கவனிக்கத்தக்கது. தேன்நிறம் கொண்ட இந்தப் பிளாஸ்ரிக் கொதிநீரைச் சாதாரணமாகத் தாங்கும்; மருத்துவக் கருவிகளை நீராவியில் 121 பாகையில் கிருமிநீக்கும் இடங்களிலும் பயன்படுகிறது. கட்டைவிரலால் ஒரு தாழை அழுத்தினால் கழன்றுவிடும். உலோகத்தைப் போல் சூட்டைக் கைக்குக் கடத்தாது என்பதால், கையுறை இல்லாமலே பூட்டிக் கழற்றக்கூடிய ஒரே வகை இது. கடற்காற்று அதைத் தீண்டாது. எடை குறைவு என்பதால் பிளாஸ்ரிக் தலை கொண்ட பம்பியின் கழுத்தை அது வளைப்பதும் இல்லை. குறைகளும் உண்டு. அரை அங்குலக் குழாய்க்குரிய முனையின் உள்வழி 9.5 மில்லிமீற்றர் அளவில் நின்றுவிடுகிறது. உட்புகு பக்கத்தில் இது கொதிநிலைக்குச் சற்று இறுக்கமானதே. வெயிலின் புறஊதாக் கதிரை இந்தப் பிளாஸ்ரிக் தாங்காது என்பதால், கழுவிய பின் முற்றத்தில் காயவைக்கும் நம் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். சீமெந்துத் தரையில் விழுந்தால் தாழ் முறியக்கூடும், முறிந்தால் பதிலுக்கு வேறொரு நிறுவனத்தின் உறுப்பு பொருந்தாது. இதே உருவில், வெள்ளை நிறத்தில் அசற்றலிலோ பொலிப்புரொப்பிலீனிலோ வரும் மலிவான வகைகளைப் பொலிசல்போன் என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது. அவை கொதிநிலையில் நெடுநேரம் நிற்கத் தக்கவையல்ல.

கேம்லொக் என்ன என்பதை அறிய எவரும் தொலைவு போக வேண்டியதில்லை. எரிபொருள் பவுசரின் பின்புறத்தில், பெரிய குழாயைச் செருகி இரண்டு காதுகளையும் பின்னால் மடித்துப் பூட்டுகிறார்களே, அதன் அரை அங்குலக் குட்டிதான் இது. ஆண் பகுதியின் உடலில் ஒரு பள்ளம் சுற்றியிருக்கும். பெண் பகுதியின் இரு நெம்புகோல்களை மடிக்கும்போது அவற்றின் அடிப்புறம் அந்தப் பள்ளத்தில் அழுத்தி, ஆண் பகுதியை உள்ளேயிருக்கும் வாஷரோடு இறுக்குகிறது. வால்வு இல்லை, வில் இல்லை, கோளம் இல்லை, வழி நேரானது. இஞ்சி நார் சிக்குவதற்கு எதுவும் இல்லை. வாஷரைப் பிடுங்கி எடுத்தால் உட்புறம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும், தூரிகைக்கும் எட்டும்.

கேம்லொக் வாங்குவோரைக் குழப்புவது அதன் எழுத்துகள். ஏ முதல் எஃப் வரை ஆறு வகைகள் உள்ளன. ஏ என்பது பெண் புரி, அதாவது உட்புறத்தில் வெட்டிய புரி, கொண்ட ஆண் பகுதி. எஃப் என்பது ஆண் புரி, அதாவது வெளிப்புறத்தில் வெட்டிய புரி, கொண்ட ஆண் பகுதி. சி என்பது குழாய்க்குள் செருகும் முனை கொண்ட பெண் பகுதி. வீட்டுப் பாவனைக்கு இந்த மூன்றையும் அறிந்தாற் போதும். இவற்றை ஒழுங்குபடுத்துவதற்கு ஒரு நல்ல முறை உண்டு: பாத்திரம், பம்பி, சுருள் ஆகிய அசையாத இடங்களிலெல்லாம் ஆண் பகுதியையும், குழாய்களின் இரு முனைகளிலும் பெண் பகுதியையும் பூட்டினால், எந்தக் குழாயையும் எந்த இடத்திலும், முன்பின் பாராமல் மாட்டலாம். பம்பிகளின் வாய் பெரும்பாலும் ஆண் புரியாக இருப்பதால் அங்கே ஏ வகையும், வால்வுகளின் வாய் பெண் புரியாக இருப்பதால் அங்கே எஃப் வகையும், குழாய்களுக்குச் சி வகையும் வரும். சி வகையின் முனையை வாங்கும்போது அதன் உள்விட்டத்தைக் கேட்டறிய வேண்டும். அரை அங்குலம் என்று விற்கப்படுபவற்றிலும் சுவர் தடித்து, துவாரம் 9 மில்லிமீற்றருக்கு இறங்கியவை உண்டு. உட்புகு பக்கத்துக்கு மட்டும் முக்கால் அங்குலக் குழாயும் அதற்குரிய முனையும் வைப்பவர் கொதிநிலையிலும் நிம்மதியாக இருக்கலாம்.

கேம்லொக்கின் குறைகளை மறைப்பதற்கில்லை. உலோக நெம்புகோல்கள் திரவத்தின் சூட்டை அப்படியே ஏற்கும். வெறுங்கையால் தொட முடியாது. வாஷர் அதன் பள்ளத்தில் தளர்வாகவே இருக்கும், கழுவும்போது விழுந்து கழிவுநீரோடு போய்விடக்கூடும், அதைக் கவனிக்காமல் பூட்டினால் கொதிநீர் பீறிடும். நெம்புகோலை அமுக்கம் இருக்கும்போதே திறந்தால் அது குழாயைத் தூக்கி எறியும். பம்பியை நிறுத்தி, வால்வை மூடி, அதன்பின்தான் கையை வைக்க வேண்டும். வெவ்வேறு இடங்களில் வாங்கிய ஆண் பகுதியும் பெண் பகுதியும் சிலவேளை தளர்வாகப் பொருந்தும், ஆகவே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒரே தடவையில் வாங்குவது நல்லது. இன்னோர் எச்சரிக்கை விவசாயப் பொருள் விற்கும் கடைகளில் காணும் அலுமினியக் கேம்லொக்குகளைப் பற்றியது. விலை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அலுமினியத்தைத் தேசிக்காய் அமிலமும் அரிக்கும், கழுவப் பயன்படுத்தும் சலவைச் சோடாவும் அரிக்கும்.

டிரை கிளாம்ப் பால் பதனிடும் ஆலைகளுக்கும் மருந்து ஆலைகளுக்கும் உரிய இணைப்பு. தட்டையான விளிம்பு கொண்ட இரு முகங்களுக்கு நடுவே ஒரு கேஸ்கட் வைத்து, வெளியே ஒரு வளையக் கவ்வியைப் போட்டு, அதன் காதுத் திருகை இறுக்குவார்கள். உட்புறத்தில் இடுக்கு என்று சொல்ல எதுவும் இராது. சுத்தத்தில் இதற்கு இணை வேறில்லை. முகங்களில் ஆண், பெண் என்ற பேதமும் இல்லை. ஆனால் விரைவு என்று பார்த்தால், ஓர் இணைப்பை மாற்ற இரு கையும் அரை நிமிடமும் வேண்டும். சூடான குழாயை ஒரு கையில் தாங்கிக்கொண்டு கேஸ்கட்டை நேராக வைத்துக் கவ்வியைப் பூட்டுவது தனியே வேலைசெய்பவருக்குச் சிரமம். ஒவ்வோர் இணைப்புக்கும் இரு முகம், ஒரு கேஸ்கட், ஒரு கவ்வி என்று நான்கு பொருள் வேண்டியிருப்பதால் செலவும் கூடும். அளவுகளிலும் ஒரு பொறி உண்டு: ஓர் அங்குலக் குழாய்க்கும் ஒன்றரை அங்குலக் குழாய்க்கும் வெளி விளிம்பு ஒன்றே, 50.5 மில்லிமீற்றர், கவ்வி இரண்டுக்கும் பொதுவானதாக இருக்க, கேஸ்கட்டின் உள்விட்டம் மட்டும் வேறுபடும். மாறிப் போட்டால் உள்ளே ஒரு படிக்கட்டு உருவாகி, எந்தச் சுத்தத்துக்காக இதை வாங்கினோமோ அது கெட்டுவிடும்.

அந்தச் சுத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பம்பியின் தலையில் இருப்பது புரி என்றால், புரியிலிருந்து டிரை கிளாம்புக்கு மாற்றும் ஒரு துண்டைத் திருக வேண்டும். டேப் சுற்றிய அந்தப் புரியின் இடுக்கு அப்படியே இருக்கும். பதினைந்து சுத்தமான இணைப்புகளும் ஒரு புரியும் என்றால், கிருமி அந்தப் புரியில் குடியிருக்கும். தலையே டிரை கிளாம்ப் வாயோடு வரும் பம்பியை வாங்குபவருக்கும், காய்ச்சிய பின் குளிர்ந்த பானம் ஓடும் பாதைக்கும்தான் இதன் முழுப் பயன் கிடைக்கும். சூடான பாதையில் எழுபது எண்பது பாகைக்கு மேற்பட்ட திரவம் நெடுநேரம் ஓடுவதால் அந்த ஓட்டமே பெருமளவு கிருமிநீக்கிவிடுகிறது. அங்கே டிரை கிளாம்ப் பூட்டுவது, கல்யாண வீட்டுச் சமையற்கட்டுக்குப் பட்டு விரிப்பது போன்றது.

இனி நம் ஊர்க் காற்று. வாடை வீசும் மாதங்களில் கடலோர வீடுகளின் ஜன்னல் கம்பி எந்த வேகத்தில் துருவேறுகிறது என்பதைப் பார்த்தவர்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற பெயரை முழுதாக நம்பமாட்டார்கள். இணைப்பிகளில் பெரும்பாலும் இரண்டு தரங்கள் வருகின்றன. 304 தரத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316 தரத்தில் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மொலிப்தினமும் சேர்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு, உருக்கின் மேற்படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைப்பதை அந்த மொலிப்தினம் தாமதப்படுத்துகிறது. நிலாவெளி, உப்புவெளி போன்று கடலை ஒட்டிய இடங்களில் 316க்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு. பாலையூற்று, கன்னியா என்று சற்று உள்ளே இருப்பவர்கள், பாவனைக்குப் பின் நன்னீரால் கழுவித் துடைத்து மூடிய பெட்டியில் வைப்பார்களானால் 304 தாராளமாகப் போதும். தரம் எதுவாயினும், வெளுப்பான் என்று நாம் வாங்கும் குளோரீன் திரவத்தில் ஸ்டீல் பொருள்களை இரவு முழுக்க ஊறவிடக் கூடாது. கடற்காற்று பல மாதங்களில் செய்வதை அது மிக விரைவில் செய்துவிடும். கிணற்றுநீர் உவராக இருக்கும் வீடுகளில் கடைசி அலசலை மட்டுமாவது குடிநீர்க் குழாயில் வைத்துக்கொள்வது நல்லது. கேம்லொக்கில் பார்க்க வேண்டிய இன்னோர் இடம் நெம்புகோலைத் தாங்கும் ஊசி. உடல் 304 என்று விளம்பரப்படுத்திவிட்டு ஊசியைச் சாதாரண உருக்கில் போடுவார்கள். துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

வாஷர் விடயத்தில் சுருக்கமாகச் சொன்னால், சிலிக்கோனே நல்லது. கேம்லொக்கோடு இலவசமாக வரும் கறுப்பு வாஷர்கள் பெரும்பாலும் எரிபொருளுக்கென்ற நைத்திரைல் இறப்பர். கொதிபானத்தில் வாடையை விடும். வந்தவுடன் கழற்றி எறிந்துவிட்டு உணவுத்தரச் சிலிக்கோன் வாஷரைப் போட வேண்டும். சிலிக்கோன் குழாயை முனையில் இறுக்குவதற்குப் பல் வெட்டிய சாதாரணக் கிளிப்பைப் பயன்படுத்தினால், பல்லின் இடைவெளிகளூடாகக் குழாய் பிதுங்கிக் கிழியும். உட்புறம் வழவழப்பான பட்டை கொண்ட கிளிப் வேண்டும். உட்புகு பக்கத்துக் குழாய் தடித்த சுவர் உடையதாக இருக்கட்டும், மெல்லிய சிலிக்கோன் சூட்டில் இளகி உறிஞ்சலில் ஒட்டிப்போகும்.

என் தெரிவைச் சொல்வதானால், தனியாளாக நின்று இருபது முப்பது லீற்றர் காய்ச்சும் ஒருவருக்குச் சூடான பாதை முழுவதற்கும் ஸ்டீல் கேம்லொக்கையே சொல்வேன். நேர்வழி, எளிய கழுவல், ஒரு கையால் பூட்டும் வசதி, எந்த நாட்டில் செய்ததும் ஏறத்தாழப் பொருந்தும் பொதுத்தன்மை ஆகிய நான்கும் சேர்ந்து கிடைப்பது அதில்தான். சூட்டை ஒரு தடித்த கையுறையால் சமாளிக்கலாம். பிளாஸ்ரிக் தலை கொண்ட சிறு பம்பியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர், பாரமான உலோகத்தை அதன் வாயில் தொங்கவிடாமல் வெளியேறு பக்கத்தில் பொலிசல்போனைப் பூட்டி, உட்புகு பக்கத்தில் விரைவு இணைப்பியே இல்லாமல் ஒரு குறுகிய தடித்த குழாயை நிரந்தரமாக இறுக்கி, அதன் மறுமுனையில், பாத்திரத்தின் வால்வில், கேம்லொக்கை வைத்துக்கொள்ளலாம். வீட்டில் சிறு பிள்ளைகள் நடமாடும் இடத்தில் காய்ச்சுபவரும், கை நடுக்கமுள்ள முதியவரும் பொலிசல்போனையே நாடுவது பாதுகாப்பானது. அவர்கள் திரவத்தை 85 பாகைக்கு ஆறவிட்டுப் பம்பியை இயக்கினால் அதன் ஒடுங்கிய வழி தொல்லை தராது. சுகாதாரப் பரிசோதகரின் பார்வைக்கு உட்பட்டு விற்பனைக்குத் தயாரிப்பவர், குளிர்ந்த பானத்தின் பாதைக்கு மட்டும் டிரை கிளாம்ப் வாங்கட்டும்.

ஒரு பாத்திரம், ஒரு பம்பி, ஒரு குளிர்விக்கும் சுருள் என்ற ஏற்பாட்டுக்குக் கேம்லொக்கில் வேண்டியவை இவை: பம்பியின் உட்புகு வாய்க்கு ஓர் ஏ வகை, பம்பியின் வெளியேறு வாயில் முழுத்துவாரப் பந்து வால்வு ஒன்றும் அதன் வாய்க்கு ஓர் எஃப் வகையும், பாத்திரத்தின் வால்வுக்கு ஓர் எஃப் வகை, சுருளின் இரு முனைகளுக்கும் அவற்றின் புரிக்கேற்ற ஆண் பகுதிகள் இரண்டு, மூன்று குழாய்களுக்கு ஆறு சி வகை. கொழும்பு பழைய சோனகத் தெருவில் தேடினால் ஓரங்குலத்துக்கு மேற்பட்டவை கிடைக்கக்கூடும், அரை அங்குலத்தைப் பெரும்பாலும் இணையவழியாகத்தான் வரவழைக்க வேண்டியிருக்கும். அப்படி வரவழைக்கும்போது, தொலைந்த ஒரு வாஷருக்காக இன்னொரு பொதிக்குக் காத்திருக்க நேராதபடி, சி வகைகளின் எண்ணிக்கைக்கு இருமடங்கு சிலிக்கோன் வாஷர்களை அதே பொதியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.